நான் அவிழ்த்த கட்டு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் நான் அப்போதிக்கரி, அதாவது உதவி வைத்தியர். குண்டு விழலாம் என்று தாதிமாருக்கு இரத்தம் நிறுத்தும் வகுப்பு வைத்தார்கள். வகுப்பு பயன்பட்டதா என்று சோதித்து எழுதுவது என் வேலை. ஒருத்தியின் காலில் இன்னொருத்தி இறுக்கிக் கட்டவேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். கட்டி முடிந்ததும், நோகுமே என்று நானே அவிழ்த்துவிடுவேன். எல்லாரிலும் விரைவாகக் கட்டியவள் திரேசா. அவளுக்கு முழுப் புள்ளி போட்டேன். வகுப்பு மிகத் திறம் என்று மேலிடத்துக்கும் எழுதினேன்.

குண்டு விழுந்த காலையில், கெண்டைக்கால் கிழிந்த துறைமுகத் தொழிலாளி ஒருவரைத் திரேசாவிடம் விட்டுவிட்டு அடுத்த வாட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மத்தியானம் கடந்திருந்தது. இரத்தம் நின்றிருந்தது. காலையில் போட்ட கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது, கால் கறுத்திருந்தது.

“இடைக்கிடை தளர்த்தவேணும் எண்டு படிச்சனீங்கள்தானே, பிள்ளை?”

“ஓம் ஐயா. ஆனா சோதினையிலை நீங்கள்தானே அவிழ்க்கிறனீங்கள். வருவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

காலை வெட்டி எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். திரேசாவை யாரும் ஏசவில்லை. என்னையும்தான்.

அடுத்த வகுப்பில், கட்டியவளே நேரம் பார்த்து அவிழ்க்கவேண்டும் என்றேன். “நோகுது ஐயா” என்று கத்தினார்கள். நான் அவிழ்க்கக் கை நீட்டவில்லை.