கட்டுத்துணியில் பச்சை

என் கணவர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டுகிறவர். நான் அதே ஊரில் ஒரு சின்ன லேபில் டெக்னீசியன். என் கண்ணுக்குத் தப்பிய கிருமியே கிடையாது என்று கொஞ்சம் தலைக்கனத்தோடு இருந்தவள்தான்.

கொலு சீசனுக்குக் கிளி பொம்மை ஆர்டர் வந்திருந்தது. அச்சிலிருந்து எடுத்த கிளியின் ஓரப் பிசிறைத் தன் பக்கம் இழுத்துச் சீவும்போது கத்தி அவருடைய வலது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. இங்கே பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. வெட்டுப்பட்டால் தொட்டியில் இருக்கிற மண்கூழை அள்ளி அப்பிக்கொள்வார்கள். ரத்தம் நிற்கும், வேலையும் நிற்காது. இவரும் அப்பிக்கொண்டார். சுகர் இருக்கிற மனுஷன்!

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க," என்றேன்.

"கீறலுக்கெல்லாம் டாக்டரா? ஆறிடும், வுடு."

விட்டுவிட்டேன். கட்டோடேயே தூரிகை பிடித்து வேலைக்குப் போனார். தினமும் அவரே கட்டை மாற்றி, பழைய துணியை வாளியில் போடுவார், நான் துவைப்பேன். நான்காம் நாள் துணியில் பச்சை தெரிந்தது. நாளெல்லாம் கிளிக்குப் பச்சை அடிக்கிற கையில் வேறென்ன ஒட்டும்? மனசுக்குள் திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கசக்கி, கொடியில் காயப்போட்டேன்.

ஆறாம் நாள் காலையில் வாளிக்குள் கையை விட்டதும் திராட்சை வாசனை அடித்தது. வீட்டில் திராட்சையே வாங்கவில்லை. லேபில் எத்தனையோ காலைகளில் நான் முகர்ந்த வாசனை அது. பச்சை நிறமும் திராட்சை வாசனையும் சேர்ந்தால் எந்தக் கிருமி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேனே! பச்சைச் சீழ் வைக்கிற அந்தக் கிருமியைத்தான் இரண்டு நாளாக என் கையாலேயே துவைத்திருக்கிறேன்.

அன்றே அவரை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் காயத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து என் கையிலேயே கொடுத்தார்.

"எந்த மருந்துக்குக் கட்டுப்படுதுன்னு பாருங்கம்மா. எதுக்குமே கட்டுப்படலன்னா விரல் நுனிய எடுத்துடுறாப்ல ஆயிடும்."

அந்த விரல் இல்லாமல் அவர் எப்படித் தூரிகை பிடிப்பார்? லேபுக்குப் போய், கிருமி வளர்க்கிற தட்டில் அந்தப் பஞ்சுக்குச்சியை இழுத்து, இளஞ்சூட்டில் வளர இன்குபேட்டருக்குள் வைத்தேன்.

மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தேன். முந்தின நாள் வெறுமையாக இருந்த தட்டு முழுக்கப் பச்சை. பயத்தை மீறி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். படிக்கிற காலத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த விஷயம் அப்போதுதான் உள்ளே இறங்கியது. ஒவ்வொரு கிருமியும் ஏதோ ஒரு துளி ரசாயனத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நாலைந்து பேர் இருந்தால் அது கரைந்து காணாமல் போகும். கூட்டம் பெருகப் பெருக அந்தத் துளிகளும் பெருகும். ஓர் அளவைத் தாண்டியதும், "நாம இத்தனை பேர் இருக்கிறோம்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துவிடும். அதுவரை அடங்கிக் கிடந்தவை அதற்குப் பிறகுதான் சேர்ந்து பச்சையைக் கக்கும், சதையைத் தின்னும். கண் இல்லை, காது இல்லை, மூளை இல்லை. அம்மாடி, என்ன ஒரு பேச்சு அது! என் புருஷன் விரலைத் தின்கிற ஜந்துவைப் பார்த்துக் கும்பிடலாமா என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

அதற்கடுத்த நாள், அதே கிருமியைப் பரப்பி, வெவ்வேறு மருந்து வில்லைகள் வைத்த இரண்டாவது தட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாத வட்டம், தெளிவாக. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். "விரலுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. மருந்து இருக்குது. இந்தப் பச்சையத்தான் நான் உங்க சாயம்னு நெனச்சிட்டேன்."

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"என் பச்சையில மஞ்சள் இருக்கும். இதுல நீலம் ஓடுது. என் சாயம் இல்லன்னு துணியில பச்ச தெரிஞ்ச மொத நாளே எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீ லேபுல இருக்கறவ. பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம துவைக்கிற. அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சிட்டேன்."