வெர்ல் டால்மனின் இடது கைக் கத்தி

வெர்ல் டால்மனின் இடது கை வேலையில் இருந்தது. இடுப்பிலிருந்த தோலுறையிலிருந்து மடக்குக் கத்தியை உருவினார். அலகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து மணிக்கட்டைச் சுண்டினார். கனமான பித்தளைப் பிடி தன் எடையிலேயே கீழே போக வேண்டும், அலகு நிமிர வேண்டும், கத்தியின் முதுகிலிருக்கும் பூட்டு 'டக்'கென்று விழ வேண்டும். பாதி தூரத்தில் நின்றுவிட்டது. கத்தி நழுவித் தட்டிலிருந்த வறுத்த உருளைக்கிழங்கின் மேல் விழுந்தது.

"அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்களே, அது எங்க?" என்று கேட்டேன்.

"நாய்கிட்ட குடுத்துட்டேன். இப்ப அதுக்குத் தாடை நல்ல பலம்."

தொண்ணூற்றாறாம் வருடம் மே மாதம், திங்கட்கிழமை. ஜனவரியில் பக்கவாதம் வந்து அவருடைய இடது கை தளர்ந்திருந்தது. மனைவி இறந்து ஆறு வருடம். ஐடஹோவில் எங்கள் பள்ளத்தாக்கில் உடம்பு முடியாதவர்களை வீட்டுக்குப் போய்க் கவனிப்பது என் தொழில். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருப்பேன். அவருக்கு அறுபத்தாறு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு.

சனிக்கிழமை பக்கத்துப் பண்ணையில், டெல்மர் ஹாஸ்லாமுடைய கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாள். குதிரை மேலிருந்து கயிறு வீசிக் கன்றைப் பிடிப்பவர்களை டெல்மர்தான் பெயர் சொல்லி அழைப்பார். டெல்மருடைய அப்பா காலத்திலிருந்து நாற்பது வருடமாக அந்த அழைப்பு வெர்லுக்குத் தவறியதில்லை. மற்றவர்கள் தரையில் நின்று கன்றை அமுக்குவார்கள், ஊசி போடுவார்கள். அதுவும் வேலைதான். ஆனால் வெர்ல் தரையில் நின்றதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை உண்டாக்கியவரே வெர்ல்தான்.

எழுபத்தொன்றில் அவருடைய தம்பி லவார் கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்றும்போது வலது கை அதில் மாட்டிக்கொண்டது. குதிரை மிரண்டது. கயிற்றை அறுக்க இடது கையில் கத்தி இருந்தது. நகத்தை மாட்டி இரண்டு கையாலும் திறக்கும் பழைய கத்தி. பல்லால் திறக்கப் பார்த்திருக்கிறான். இழுபட்டே செத்தான். மூடிய கத்தியை அவன் கையிலிருந்து எடுத்தவர் வெர்ல். அடுத்த வாரமே இந்த முதுகுப் பூட்டுக் கத்தியை வாங்கி, ஒரு கையால் சுண்டித் திறக்கும்வரை பழகினார். "கடிவாளம் பிடிக்கும் இடது கையால் கத்தி திறந்து காட்டாதவன் என் பட்டியில் கயிறு எடுக்கக் கூடாது," என்றார். மெல்ல மெல்ல எல்லாப் பண்ணைகளுக்கும் அதுவே சட்டமாகிவிட்டது.

செவ்வாயும் திறக்கவில்லை. புதன்கிழமை திறந்தது. வியாழக்கிழமை வெண்ணெயில் போவதுபோல் திறந்தது. நான் பாராட்டினேன். அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். தளர்ந்த கை ஒரே நாளில் அப்படி மாறாது.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய இடது கையில் ஒரு துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தேன். மூன்று விரல்களின் உட்பக்கம் ஒரே கோடாக வெட்டு.

"முள்ளுக்கம்பி கிழிச்சிடுச்சு," என்றார்.

"முள்ளுக்கம்பி ஸ்கேல் வெச்சா கிழிக்கும்?"

"ஆர்டிஸ், உன் வேலை மாத்திரை எடுத்துக் குடுக்கிறது. அதைப் பாரு."

கழுவி மருந்து போட்டேன். விரல் நுனிகளில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பிறகு அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து கறுப்பாக இரும்புத் தூள் கொட்டியது. கொட்டிலில் இருக்க வேண்டிய சின்ன அரம் சமையலறை ஜன்னலில் கிடந்தது.

அவர் கழிவறையில் இருந்த நேரத்தில் கத்தியை எடுத்துத் திறந்தேன். அருமையாகத் திறந்தது. ஆனால் அந்த 'டக்' இல்லை. எளிதாகத் திறக்க வேண்டும் என்று, அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டின் பல்லை அராவி வழவழவென்று ஆக்கியிருந்தார். அலகின் முதுகை மேசை விளிம்பில் அழுத்தினேன். சத்தமில்லாமல் மடங்கியது.

நின்றபடி யோசித்தேன். நாளைக்கு ஒருவேளை அவருக்குக் கத்தி தேவைப்பட்டால் அது அவருடைய விரல்கள்மேல்தான் மடங்கும். கயிறு அறுபடாது. தேவைப்படாமலும் போகலாம். நாற்பது வருடத்தில் அவருக்கு ஒரு முறையும் தேவைப்படவில்லை.

வெளியே வந்தவரிடம் கத்தியை நீட்டினேன். "நீங்களே டெல்மர்கிட்ட சொல்லிடுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"இது பூட்டிக்கலைன்னு."

"திறக்குதா இல்லையா? திறக்கிறதுதான் கணக்கு. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான், எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"லவாரு கத்தி திறக்கல. உங்களுது திறந்துட்டு மடங்கும். என்ன வித்தியாசம்?"

தம்பியின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று மணிக்கு டெல்மர் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே பட்டிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டார். வெர்லைவிடப் பத்து வயது இளையவர்.

"வெர்ல், எழுபத்திரண்டுல என் கத்தி திறக்கலைன்னு ஒரு சீசன் பூரா என்னைக் கன்னுக்குட்டி காலைப் பிடிக்க வெச்சீங்க. என் பேன்ட் இன்னும் சாணி வாடை அடிக்குதுன்னு என் பொண்டாட்டி சொல்றா. இன்னைக்கு என் முறை. எடுங்க பார்க்கலாம்."

"கையில என்ன கட்டு?" என்று அவரே தொடர்ந்து கேட்டார்.

"கம்பி," என்றார் வெர்ல்.

கட்டுப்போட்ட கையால் உருவினார், கிள்ளினார், சுண்டினார். அலகு நிமிர்ந்து வெயிலில் மின்னியது. டெல்மர் வாயைப் பிளந்தார்.

"அட, என்னைவிட வேகமா இருக்கே! சரி, உங்க சிவப்புக் குதிரையைக் கூட்டிட்டு நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க."

வெர்ல் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அவர் என் பக்கம் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. டெல்மர் வண்டிக் கதவைத் திறந்தார்.

"டெல்மர், அந்தக் கத்தியோட முதுகைக் கம்பத்துல வெச்சு ஒரு அழுத்து அழுத்திப் பாருங்க," என்றேன்.

"ஆர்டிஸ்!" என்றார் வெர்ல்.

டெல்மர் எங்கள் இருவரையும் பார்த்தார். கையை நீட்டினார். வெர்ல் கொடுக்கவில்லை. டெல்மர் நீட்டிய கையை எடுக்கவும் இல்லை. கடைசியில் கத்தி கை மாறியது. கம்பத்தில் வைத்து லேசாகத்தான் அழுத்தினார். மடங்கியது. மறுபடி திறந்து அழுத்தினார். மறுபடியும் மடங்கியது.

டெல்மரிடம் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்கு இல்லை. கத்தியைக் கம்பத்தின் மேல் வைத்தார்.

"குதிரையை மட்டும் அனுப்புங்க, வெர்ல். நீங்களும் வாங்க. ஊசி போட ஆள் வேணும்."

வண்டி போன பிறகு வெர்ல் என்னிடம், "என்கிட்ட சொன்னே. அவன்கிட்டயும் சொல்லணுமா?" என்றார்.

"நீங்க சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்."

அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளை அவர் போட்ட சட்டத்தாலேயே, அவருடைய பட்டியிலேயே, இன்னொரு ஆளுக்கு முன்னால் கீழே இறக்கியிருந்தேன். வேறு வழி ஏதாவது இருந்ததா என்று தேடினேன். எனக்குத் தெரிந்து இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். மேசையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து வேற ஆளை அனுப்பச் சொல்லு உன் ஆபீஸ்ல."

"சொல்றேன். விரலை விரிங்க."

கட்டை மாற்றினேன். அவருடைய சிகிச்சை நோட்டில் 'கத்திக் காயம்' என்று எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்புக் குதிரையை வலது கையால் நடத்தி வந்து வண்டிப் பெட்டியில் ஏற்றினார். பெட்டியின் தாழ்ப்பாளுக்கு இரண்டு கை வேண்டும். நான் போட்டேன். வண்டியை நான்தான் ஓட்டினேன்.

டெல்மரின் பட்டியில் கயிறு வீசுபவர்கள் ஐந்து பேர் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்ல் குதிரையை டெல்மரிடம் கொடுத்தார். ஊசிப் பெட்டி இருந்த பக்கம் போகாமல் நேராக அந்த ஐவரிடம் போனார்.

"கத்தியைத் திறங்க."

ஐந்தும் இடது கையில் திறந்தன. வெர்ல் ஒவ்வொன்றாக வாங்கி, அலகின் முதுகை வேலிப் பலகையில் வைத்துத் தன் உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினார். நாலாவது மடங்கியது. அதன் சொந்தக்காரனுக்கு முப்பது வயதிருக்கும். "இது புதுசு, வெர்ல்! நேத்துதான் வாங்கினேன்," என்றான்.

"நீ இன்னைக்குத் தரையிலதான். கன்னுக்குட்டி காலைப் பிடி," என்றார் வெர்ல். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டார்.