பின்னட்டைக்கு ஒரு கதவு

அழைப்பு மணி இருந்தாலும் சதக்கத்துல்லா அதைத் தொட மாட்டார். நடுவிரலை மடக்கிக் கதவில் இரண்டு தட்டு. உடனே காதைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொள்வார். உள்ளே இருப்பவர்கள் சட்டென்று திறந்துவிட்டால் ஆள் தடுமாறிக் கூடத்துக்குள் வந்து நிற்பார். என் வீட்டுக்குள் முதன்முதலில் அப்படித்தான் வந்தார். சுவரைப் பிடித்து நிமிர்ந்தவர், "நெலை வேங்கை சார். கதவு மாமரம். தேக்குன்னு சொல்லித் தலையில கட்டிட்டான்" என்றார். யாரென்று கேட்பதற்குள் என்னைத் தன் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கிவிட்டார்.

பிளாஸ்டிக் கதவின் மேல் மட்டும் அவர் கை படாது. தெருவிலேயே நின்று, "வீட்ல யாரு?" என்று கூப்பிடுவார். ஏன் தட்டவில்லை என்று கேட்டால், "அது பேசாது சார். தட்டி என்னத்துக்கு?" என்பார்.

கீழக்கரையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 'இழைப்புளி' இதழுக்கு அவரே ஆசிரியர், அவரே நிருபர், பாதி ஊர்களுக்கு அவரே தபால்காரர். சார்ஜாவில் ஒரு மரக்கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கூடத் திரும்பியவர்கள் கடை போட்டார்கள், மனை வாங்கினார்கள். இவர், மரம் வளர்ப்பவர்களும் தச்சர்களும் படிக்கவென்று பத்திரிகை ஆரம்பித்தார். வளர்ந்த தேக்கை வெட்ட யாரிடம் அனுமதி வாங்குவது, உப்புக்காற்றில் ஜன்னல் உப்பாமலிருக்க என்ன எண்ணெய் பூசுவது என்பதெல்லாம் அதில் வரும். இழைப்புளி ஆசாரிகளின் கருவி என்பதால் தோப்புக்காரர்களுக்கு இன்றைக்கும் ஒரு மனக்குறை உண்டு. அதைச் சரிக்கட்ட அட்டையில் எப்போதும் ஒரு மரத்தின் படம் போடுவார்.

சந்தா வசூலிப்பதில் அவர் தனி ரகம். கையில் இருப்பதைக் கொடுத்தால் போதும். அபிராமத்துப் பக்கம் கருவேலங்காடு வைத்திருக்கும் தவசி, வருடா வருடம் ஒரு மூட்டை அடுப்புக்கரியை இறக்கிவிட்டுப் போவார். ஆசாரிகள் முக்காலி செய்து கொடுத்து ஆயுள் சந்தாதாரர் ஆகிவிடுவார்கள். சதக்கத்துல்லா வீட்டில் ஒரு முக்காலியில் நான் உட்காரப் போனபோது, அவர் மனைவி நூர் நிஷா என்னைத் தடுத்தார்.

"அந்த ஆயுள் சந்தா வேணாம் தம்பி, ஆடும். இந்த ஆயுள் சந்தாவுல ஒக்காருங்க."

தேநீரை நீட்டிக்கொண்டே, "கொல்லை நெறைய கரி கெடக்கு. சுடுறதுக்கு மீனுதான் இல்ல" என்றார். சதக்கத்துல்லா சிரித்தார். பத்திரிகையை யார் கேலி செய்தாலும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நூர் நிஷாவுக்கு மட்டும் விலக்கு.

ஆனால் அச்சகத்தில் கரியோ முக்காலியோ செல்லாது. அச்சுக்கூலி முழுவதையும் பின்னட்டை விளம்பரம்தான் இத்தனை காலம் தாங்கியது. விளம்பரம் கொடுத்த மரஅறுவை மில்காரர் இந்த வருடம் மில்லை விற்றுவிட்டு மலேசியாவில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். பின்னட்டைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த இதழ் கிடையாது. சதக்கத்துல்லா திருவாடானை வரைக்கும் அலைந்து பார்த்தார். எல்லோரும் உபசரித்தார்கள், பாராட்டினார்கள். விளம்பரம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

கடைசியில் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தவர் ஹமீது சுல்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதவு விற்பவர். போன இதழில்தான் சதக்கத்துல்லா அந்தக் கதவுகளைத் தலையங்கத்திலேயே கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே அப்போது அங்கிருந்த நான் நினைத்தேன்.

"பின்னட்டைய ஒரு வருசத்துக்கு எனக்குக் குடுங்க காக்கா" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"தம்பி, நான் எழுதுனதப் படிச்சீகளா?"

"படிச்சதாலதான் வாரேன். நீங்க திட்டுனதுக்கு அப்பறம் கடையில ஒரே கூட்டம். எல்லாம் ஒங்க ஆசாரிமாருதான். குளியலறைக்கு வேணுமாம்."

சதக்கத்துல்லாவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நூர் நிஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டார்.

பேனாவை எடுத்துக்கொண்டு, "விளம்பரத்த நாந்தான் எழுதுவேன்" என்றார் சதக்கத்துல்லா. அங்கேயே எழுதியும் விட்டார். 'குளியலறைக்கு உகந்தது. தண்ணீரில் ஊறாது. தலைவாசலுக்கு மரக்கதவே அழகு.' ஹமீது சுல்தான் இரண்டு முறை படித்தார்.

"காக்கா, வெளம்பரம் எனக்கா, மரத்துக்கா?"

"பொய் எழுத மாட்டேன். இஷ்டம் இருந்தாப் போடுங்க."

"நீங்க எழுதுனா யாவாரம் ஆகுது. என்னத்தயும் எழுதுங்க" என்று முன்பணத்தை வைத்துவிட்டுப் போனார் ஹமீது சுல்தான்.

இதழ் வந்த அன்று, விளம்பரதாரருக்குப் பிரதி கொடுக்கச் சதக்கத்துல்லாவோடு நானும் போனேன். கடைக்குள் ஹமீது சுல்தானின் அறைக்கு வெள்ளைப் பளபளப்பில் பிளாஸ்டிக் கதவு. சாத்தியிருந்தது. வழக்கம்போலக் குரல் கொடுப்பார், அதைச் சொல்லி அவரைச் சீண்டலாம் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். கையிலிருந்த இதழைத் திருப்பிப் பின்னட்டையை ஒருமுறை பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. சீண்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

சதக்கத்துல்லா இதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நடுவிரலை மடக்கி அந்தக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, காதை மெல்ல அதன்மேல் வைத்தார்.