தன்லியினுக்குப் போன நோட்டு

அன்றைக்கு அம்மாவின் கைப்பையில் ஒரு பழைய கணக்கு நோட்டு இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தையது. அதை எடுத்துக் காட்டி ஒரு வேலை கேட்கத்தான் அம்மா டீக்கடைக்குப் போனாள். நோட்டு அன்று பையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குக் காரணம் நான். ஆகவே இதை எழுத வேண்டியவளும் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அம்மா பெயர் பெர்சிஸ். வயது நாற்பத்து மூன்று. ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற தெருவில், ஒரு மூன்றாம் மாடியில் பிறந்தாள். இன்னும் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறாள். தாத்தா ரயில்வே ஆபீசில் எழுத்தர். வீட்டில் எல்லோருக்கும் கையெழுத்து அழகு. என்னோடு அது நின்றுவிட்டது.

பத்தாவது முடித்த பிறகு அம்மா தங்கவேலு ஸயாவின் கணக்கு வகுப்பில் சேர்ந்தாள். வாத்தியாரை இங்கே தமிழர்களும் ஸயா என்றுதான் சொல்வோம். தெருமுனை டீக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. வாசலில் ஒரு பால் டின் இருக்குமாம். உள்ளே வருகிறவர்கள் தங்கள் ரப்பரை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கணக்கில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு மேல் சரியானதை எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ரப்பரோடு பிடிபட்டவனை ஸயா, பையில் கத்தி வைத்திருந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாராம். அம்மாவின் நோட்டில், ஒரு வருடப் பாடத்துக்கு, மொத்தம் பதினோரு கோடு. எண்ணிப் பார்த்திருக்கிறேன். எனக்கு வேறு வேலை இல்லாத நாளில்.

பிறகு ஓர் அரிசிக் கம்பெனி. பிறகு பதிமூன்று வருடம் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவு. கொரோனாவில் ஹோட்டலை மூடினார்கள். திறப்போம் என்றார்கள். அதற்குள் நாட்டில் வேறு என்னென்னவோ வந்துவிட்டது. ஹோட்டல் திறக்கவில்லை. என் பள்ளிக்கூடம் திறந்தது, நான் போகவில்லை. மலேசியா போன அப்பா முதல் வருடம் தினமும் போன் செய்தார். இப்போது ஈஸ்டருக்கு ஒரு பூப்படம், கிறிஸ்துமஸுக்கு ஒரு பூப்படம் அனுப்புகிறார். பூ மட்டும் மாறுகிறது.

அம்மா சமோசா போட ஆரம்பித்தாள். கரண்ட் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அதுவும் எப்போது என்று அதற்கே தெரியாது. ஆகவே கரி அடுப்பு. தினம் முன்னூறு சமோசா, தெருமுனை இக்பால் கடைக்கு. வகுப்பு நடந்ததே, அதே கடை. மேல்மாடியில் படித்ததைக் கீழ்மாடியில் விற்கிறாய் என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். அம்மா சிரிக்கவில்லை. எண்ணெய் தெறித்த புள்ளிகள் மணிக்கட்டு முழுக்க இருக்கும். வெளியே கிளம்பினால் மட்டும் அவற்றின் மேல் பட்டை வாட்சைக் கட்டிக்கொள்வாள். வாட்ச் ஓடாது.

நான் பிளாசாவில் போன் கவர் விற்கிறேன். ஊரார் போன்கள் என் கைக்கு வரும், அதனால் சில விபரீதங்கள் நடக்கும். எங்கள் சர்ச் பாடல்குழுத் தலைவரின் போன், ஜெபத்தின் நடுவில் சேவலாகக் கூவியது என் கைங்கரியம்தான்.

ஜனவரியில் டேனி அங்கிள் வைபரில் ஒரு குழு தொடங்கினார். அவரும் ஸயாவிடம் படித்தவர், இப்போது டாக்சி ஓட்டுகிறார். வகுப்பில் முப்பத்தொரு பேர். ரங்கூனில் மிஞ்சியது நாலு பேர், அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இக்பால் கடையில் கூடுவதாக ஏற்பாடு. மற்றவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் பேங்காக்கிலிருந்தும் பால்கனி, கார், நாய் என்று படம் போட்டார்கள். நீ என்ன செய்கிறாய் பெர்சிஸ் என்று கேட்டார்கள். அம்மா ஒரு வாரம் பதில் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். ரப்பரே தொடாத பெண் போனை அழித்து அழித்துத் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போனபோது அவள் போனில் நானே பதில் போட்டுவிட்டேன். ஏர்போர்ட் பக்கம் மிங்கலாடோனில் ஒரு சரக்குக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், கீழே ஆறு பேர், ஏசி ரூம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று எழுதினேன். குழுவின் சத்தத்தையும் அணைத்து வைத்தேன். பாதி குறும்பு. மீதிப் பாதி என்ன என்று நான் சொல்லப்போவதில்லை.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் கணக்குக்குத் தலைவராக இருப்பவர் கணேஷ்குமார், இவர்கள் வகுப்புத்தான். கையால் பேரேடு எழுதத் தெரிந்த ஆள் ஒன்று அவருக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகிறார் என்று டேனி அங்கிள் போனில் பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா என்னிடம் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தாளாம்.

ஞாயிறு சர்ச் முடிந்து பத்து மணிக்கு இக்பால் கடை. நானும் ஒட்டிக்கொண்டேன். கணேஷ்குமார் அங்கிள் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க மேனேஜர் மேடம்.”

அம்மா தன் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடிக்க அவளுக்கு எப்போதுமே நேரம் ஆகாது.

“ஏசி ரூமாமே,” என்றார் டேனி அங்கிள். “என் டாக்சிலயே ஏசி கெடையாது. தெனம் மிங்கலாடோன் பக்கந்தான் போறேன், ஏத்திக்கிட்டுப் போறேன் வா. பின்சீட்டுல உக்காரு, பெரிய மனுஷி.”

அம்மா சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் கழித்து ஒருவர் தனக்காக எழுந்து நிற்கும்போது, நீ எதற்கப்பா நிற்கிறாய், உட்கார் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இக்பால் பாய் சமோசாத் தட்டோடு வந்தார். “பெர்சிஸக்கா, நாளைக்கு” என்று ஆரம்பித்தார். அவர் செருப்பை மிதித்தேன். என்னைப் பார்த்தார், அம்மாவின் இஸ்திரி போட்ட பிளவுஸைப் பார்த்தார். “நாளைக்கு மழ வருமாம்” என்று முடித்தார். அது பிப்ரவரி மாதம். ரங்கூனில் பிப்ரவரியில் மழை வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நாலாவது ஆளான ஜைனப் ஆன்ட்டியிடம் மட்டும், “ராத்தா, சீனி கம்மிதான்” என்று டீயை வைத்துவிட்டுப் போனார்.

கணேஷ்குமார் அங்கிள் ஒரு சமோசாவைக் கடித்து, நல்ல கைப்பக்குவம் என்றார். அம்மா அதைத் தொடவில்லை. ஜைனப் ஆன்ட்டியும் தலையைக் குனிந்து பிட்டுப் பிட்டு வைத்தாரே தவிர, வாயில் போடவில்லை.

டேனி அங்கிள் தன் கதையைச் சிரிப்பாகச் சொன்னார்: மூன்று கம்பெனிகளில் கணக்கு எழுதினாராம், மூன்றையும் மூடிவிட்டார்களாம், அதனால் நாலாவதாக மூட முடியாத டாக்சியைப் பிடித்தாராம். ஜைனப் ஆன்ட்டிக்குச் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. கணவருக்குப் பக்கவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது. இவர் தைத்துக்கொண்டிருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலை நவம்பரில் ஆளைக் குறைத்தது. பிள்ளைகள் இரண்டு, மாமியார் ஒன்று. வகுப்பில் அவர் நோட்டைத் தண்டவாளம் என்பார்களாம், அத்தனை கோடு.

அப்போது கணேஷ்குமார் அங்கிள் விஷயத்துக்கு வந்தார். கரண்ட் இல்லாமல் கம்ப்யூட்டர் பாதி நாள் செத்துக் கிடக்கிறது. சரக்குக் கணக்கை மறுபடி கையால் எழுதச் சொல்லிவிட்டார்கள். உதவிக்கு இருந்த பையன், பட்டாளத்துக்குப் பிடிப்பார்கள் என்று பயந்து சொல்லாமல் கொள்ளாமல் எல்லையைத் தாண்டிவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேரேட்டின் எந்தப் பக்கம் எது என்றே தெரியவில்லையாம்.

“பெர்சிஸ், நெசமாச் சொல்றேன், மொதல்ல உன் ஞாபகந்தான் வந்துச்சு. அந்தக் கையெழுத்துக்கு எங்க போறது? எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன். வெள்ளிக்கிழம உன் மெசேஜ் பாத்தேன். நல்லவேள, தெரியாம கேட்டு மானம் போகல.”

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது. இக்பால் பாய்க்கு நான் கொடுத்தது எனக்கே திரும்பி வந்தது, கூடுதலாக.

கணேஷ்குமார் அங்கிள் மறுபக்கம் திரும்பினார். “ஜைனப், நீ வர்றியா?”

ஜைனப் ஆன்ட்டி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி கேட்கிறார் என்று நினைத்தேன். அம்மாவின் கை பைக்குள் இருந்தது. நோட்டின் நீல முனை தெரிந்தது. கை வெளியே வந்தபோது அதில் கைக்குட்டைதான் இருந்தது.

“போ ஜைனப்,” என்றாள் அம்மா. “எழுத வரலன்னா வீட்டுக்கு வா, நான் சொல்லித் தர்றேன்.”

வீடு திரும்பி மாடிப்படி ஏறும்போதுதான் நோட்டு விஷயமும் வேலை விஷயமும் எனக்குத் தெரிந்தது. மெசேஜை அழித்துவிடுகிறேன் என்றேன்.

“அழிக்காத.”

“அப்ப கோடு போட்ட மாதிரி கீழ எழுதிடறேன், நான்தான் செஞ்சேன்னு.”

“எழுதினா கணேஷு என்ன செய்வான்? அவகிட்டருந்து பிடுங்கி எனக்குக் குடுப்பான். அவ புருஷன் படுத்துக் கெடக்கான்.” மூச்சு வாங்க இரண்டு படி ஏறினாள். “ஏசி ரூம் எதுக்குடி போட்ட?”

வெயிலில் கரி அடுப்பின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் போட்டேன். அதைச் சொல்லாமல், சும்மா என்றேன்.

ஜைனப் ஆன்ட்டி நிஜமாகவே வந்தார். தன்லியின் பஸ் பாலத்தைத் தாண்டி வந்து சேர ஆறு மணி ஆகும். ஐந்தரைக்கே எங்கள் வீடு ஆபீஸ்காரி வீடாக மாற வேண்டும். எண்ணெய்ச் சட்டி பால்கனிக்குப் போகும். மாவு மூட்டை கட்டிலுக்குக் கீழே போகும். அம்மா எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, பிளவுஸ் மாற்றி, ஓடாத வாட்சைக் கட்டிக்கொள்வாள். பாடத்துக்கு நடுவில் ஜைனப் ஆன்ட்டி, ஆபீசில் வேலை எப்படி என்று கேட்பார். அம்மா சொல்வாள். அவளுக்குக் கீழே உள்ள ஆறு பேரில் ஒருவன் சுத்தச் சோம்பேறியாம். போன வாரம் அவனுக்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

மாதிரிக்கு வைத்துக்கொள் என்று அந்த நீல நோட்டையும் கொடுத்துவிட்டாள். அது தினம் காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறது.

மூன்றாவது வாரம் ஒரு நாள், பாடம் முடிகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. போன் வெளிச்சத்தில் ஜைனப் ஆன்ட்டியைப் படியிறக்க நான் போனேன். இரண்டாம் மாடியில் நின்றார்.

“அந்தச் சட்டிய பால்கனில வெயில் படற பக்கம் வைக்காத ஏஞ்சலா. எண்ணெ காறிடும்.”

போன் வெளிச்சத்தை அவர் முகத்துக்குத் திருப்பினேன்.

“இக்பாலு எனக்குச் சின்னம்மா மவன். அந்தச் சமோசா யாரு போடுறாங்கன்னு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்.”

அன்றைக்கு மேசையிலும் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். அவ எங்க வாயத் தொறந்துடுவாளோன்னுதான் அவளையே பாத்துக்கிட்டிருந்தேன்.” படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அம்மாகிட்டச் சொல்லிடாத. அவளுக்குத் தெரிஞ்சா, அவ முன்னால என்னால உக்கார முடியாது.”

கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன். தெருவரை வெளிச்சம் காட்டினேன். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

மேலே வந்தபோது அம்மா பிளவுஸை மாற்றிவிட்டு, மெழுகுவர்த்தியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்றாள். ஆன்ட்டி செருப்பு வார் அறுந்துவிட்டது என்றேன். நாளைக்குத் தைத்துக் கொடு என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்கு நானே சட்டியை எடுத்துப் போனேன். வழக்கமான இடத்தில் வைக்காமல், சுவரோரம் நிழல் விழுகிற மூலையில் வைத்தேன். அம்மா வாட்ச் பட்டையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி அங்க?”

“வெயில் படுது. எண்ணெ காறிடும்.”

“உனக்கு இதெல்லாம் எப்பத் தெரிஞ்சுது?” என்றாள். கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா நாற்காலியில் போய் நேராக உட்கார்ந்தாள்.