மீன் முள்ளுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் நடுவில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ஜொகூர் முழுவதிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். கொஞ்சம் ஊதிச் சொல்கிறேன். பக்கத்து ஊரான பாலோவிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்தில் நான் மட்டும்தான், அதில் கலப்படமில்லை.

தூக்கில் போன லெட்சுமணன் கங்காணிக்கு உறவென்று யாருமில்லை. அதனால் சிறையில் அவன் எழுதிய நோட்டு தோட்ட ஆபீசுக்கு வந்தது. அங்கே கணக்கெழுதும் கிராணியான என் வீட்டுக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அங்கம்மாவுக்கு ஆள் அனுப்பினேன்.

அங்கம்மா பதினாறு வயதில் கப்பலேறி வந்து, தினம் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். பால் நிறுப்பதில் கங்காணி செய்த திருட்டை அவள் புருஷன் மணியம் துரையிடம் சொன்னான். கங்காணி அவனைப் பாராங் கத்தியால் வெட்டிக் கொன்றான். கோர்ட்டில், "அவன் பெண்சாதிதான் என்னைக் கூப்பிட்டாள்" என்றான். அவன் தப்பவில்லை, பழி மட்டும் இவளோடு தங்கிவிட்டது. இரண்டு வருஷமாக மாரியம்மன் கோயிலில் இவள் பொங்கல் பானையை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை.

சாகப்போகிறவன் எழுத்தாயிற்றே என்று பயபக்தியோடு திறந்தேன். தூ! சோறு குழைந்துவிட்டதாம். மீசைக்கு எண்ணெய் தரவில்லையாம். பக்கத்து அறைக்காரன் அழுவதால் துரைமகனுக்குத் தூக்கம் கெடுகிறதாம். நாற்பது பக்கத்தில் மணியத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கடைசிப் பக்கத்திலும் 'பெரிய கங்காணி' என்று வால் சுழித்த கையெழுத்து.

முப்பத்தோராம் பக்கத்தில் இது இருந்தது: 'இன்று மீன் ஒரே முள். அங்கம்மா சங்கதி நான் கட்டிச் சொன்னது. அவள் என்னோடு பேசியதே இல்லை. இரவு மூட்டைப்பூச்சி கடித்தது.'

அங்கம்மா அதை ஏழெட்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

"இம்புட்டுத்தானா கிராணியம்மா?"

"மீசைக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு வரி. அவ்வளவுதான் அவன் பெறுமதி."

"போதும். நாளைக்குப் பெரட்டுல வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் எண்ணும் அந்தப் பெரட்டில், நூற்றெண்பது பேர் முன்னால் அந்த வரியைக் கணீரென்று வாசித்தேன். பானையைத் தள்ளிவைத்த வெள்ளையம்மாவே, "இந்த வருசம் எம் பானைக்குப் பக்கத்துல வச்சிக்க" என்றாள்.

இதுவரை எழுதியதை அங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"நீங்க எங்க வாசிச்சீங்க? எம் பேரச் சொன்னதும் பெரட்டுல நின்ன தடிப்பயலுங்க சிரிச்சானுங்க, நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. நோட்டப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க. அந்த வரியச் சொன்னது நான்."