குறுவை நெல்லைக் குதிர்ல போட்ட வருஷம்

வசந்தா அக்கா அடுக்குப் பானையை இறக்கினா ஒரு வாசனை வரும் பாருங்க...

கொட்டை எடுத்து உப்பு போட்டு வச்ச பழைய புளி, அதுக்குக் கீழ நொச்சி இலை போட்ட உளுந்து, அதுக்கும் கீழ மிளகா வத்தல். மூணும் சேர்ந்து சுவரைத் தாண்டி எங்க அடுப்படிக்கு வந்துரும். என் அடுப்படியில அப்ப இருந்தது ஒரு கொட்டாங்கச்சி உப்பும், நாளைக்கு வருமா வராதான்னு தெரியாத ரேஷன் அரிசியும்தான்.

அக்கான்னா கூடப் பொறந்தவங்க இல்லை. என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, என் ஓரகத்தி. குத்தாலம் பக்கத்துல ஒரு கிராமம். ரெண்டு கீத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே மண்சுவர். ரெண்டு குடும்பமும் ஒரே மிராசுதார்கிட்டதான் வேலை. கூலியும் ஒரே மரக்கால்ல அளந்த நெல்லுதான்.

அப்புறம் அவங்க வீட்ல மட்டும் எப்படி எல்லாம் இருக்கு?

சத்தியமா சொல்றேன், எனக்கு வயிறு எரியும். சீமெண்ணெய் விலை ஏறுச்சுன்னு தெருவே புலம்பும்போது அவங்க பரண்ல இருந்து ஒரு டின்னை இறக்குவாங்க. மழை புடிச்சு ஊரே ஈர விறகை ஊதிக்கிட்டு இருக்கும்போது அவங்க வீட்ல காஞ்ச வரட்டி எரியும். "ஜெயாவும் கத்துக்கணும்"னு என் மாமியார் சொல்லிட்டுப் போவாங்க. அது ஒண்ணு போதும், ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்காது.

எல்லாத்தையும் விட நெல் கொட்டி வைக்கிற அந்தக் குதிர். களிமண்ல உறை உறையாக் கட்டி, மார் உசரத்துக்கு நிக்கும். காலையில அக்கா அதைத் தட்டிப் பாப்பாங்க. நிறைஞ்ச குதிருக்குன்னு ஒரு கனமான சத்தம் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து அதைக் கேப்பேன்...

எங்க வீட்லயும் ஒரு சின்னக் குதிர் காலியாக் கிடந்துச்சு. புரட்டாசி கடைசியில குறுவை அறுத்து, கூலி நெல் வந்தப்ப எனக்கு ஒரு வேகம். ஐப்பசிக்குள்ள நானும் நிரப்பிடணும். அவங்க தட்டுற மாதிரி நானும் தட்டணும். வந்த நெல்லை அப்படியே கொட்டி, வாயை மூடி, சாணியும் மண்ணும் குழைச்சுப் பூசிட்டேன்.

நான் கல்யாணமாகி வந்தது வைகாசில. அக்கா குதிர் நிரப்புறதை நான் பாத்ததே இல்லை. நிறைஞ்ச குதிரைத்தான் பாத்திருக்கேன்.

அந்த ஐப்பசிலதான் நடவுக் கூலித் தகராறு வந்துச்சு. நம்ம ஆளுங்க கூலி கூடக் கேட்டாங்க, மிராசுதார் முடியாதுன்னு வெளியூர் ஆளை இறக்கினார். அப்பல்லாம் ஆட்சி மாறும், சுவத்துல சின்னம் மாறும்... வரப்புல நின்னு கூலி கேக்குறது மட்டும் மாறாது. யாரும் வேலைக்குப் போகக்கூடாதுன்னு தெருவே முடிவு பண்ணுச்சு. எந்த வீட்ல உலை வைக்கலையோ, அந்த வீட்டு ஆளுதான் முதல்ல வந்து நிப்பான்னு மிராசுதாருக்கும் தெரியும்.

மூணு வாரம் போச்சு. ரேஷன் அரிசியும் தீந்துச்சு. எனக்குக் கவலை இல்லை, குதிர் இருக்கே... பெருமையா அடியில இருந்த ஓட்டையைத் திறந்தேன்.

நெல் கொட்டவே இல்லை.

கையை உள்ள விட்டா சூடு. புடிச்சு இழுத்தா கட்டி கட்டியா, வெள்ளையா முளை விட்டு வருது. புளிச்ச நாத்தம், முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டேன். அப்ப வயித்துல நாலு மாசம் வேற எனக்கு. வீட்டுக்காரர் எட்டிப் பாத்தார். துண்டை எடுத்துத் தோள்ல போட்டார். எங்க போகப் போறார்னு எனக்குத் தெரியும். மிராசுதார் வீட்டு வாசலுக்கு. தெருவுல முதல் ஆளா...

நாத்தம் சுவரைத் தாண்டிப் போயிருக்கும்போல. அக்கா மரக்காலோட வந்து நின்னாங்க. ஆறு மரக்கால் புழுங்க நெல், தலைமேல கூடையில. எங்க வீட்டுக்காரர்கிட்ட "உக்காருங்க தம்பி"ன்னாங்க. அவ்வளவுதான். அவர் துண்டை இறக்கிட்டார்.

அப்புறம் என்னைப் பாத்துச் சொன்னாங்க: "குறுவை மழையில நனைஞ்சு வர்ற நெல்லும்மா. அதை உடனே அவிச்சுக் காயவச்சு முதல்ல தின்னுடணும். குதிர்ல போடுறது மாசியில வர்ற சம்பாதான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

கேக்கக்கூடாதுன்னுதானே அத்தனையும் பண்ணேன். அதைச் சொல்ல முடியுமா?

அன்னைக்கு நன்றி வரலை எனக்கு. குடுக்குற இடத்துல அவங்க நிக்கிறாங்களே, அதுக்கும் சேர்த்துப் பொறாமைதான் வந்துச்சு. அவங்க குதிரும் பாதிக்கு மேல இறங்கிருச்சுன்னு சத்தத்துலயே எனக்குத் தெரியும். அப்படியும் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு கூலி கொஞ்சம் ஏத்திக் குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரர் தலை குனியாம வேலைக்குப் போனார்.

இப்ப வாங்க, என் ஸ்டோர் ரூமைக் காட்டுறேன். மூணு மாசத்துக்கு அரிசி, எண்ணெய், பருப்பு. ஸ்பேர் சிலிண்டர். இன்வெர்ட்டர். கேஸ் விலை ஏறட்டும், வெங்காயம் ஏறட்டும்... நான் அசைய மாட்டேன். அக்காவை ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு போன மாசம் சென்னைக்கு அவங்களைப் பாக்கப் போனேன். மகன் வீட்ல இருக்காங்க.

அடுப்படியில டப்பா எல்லாம் பாதி காலி. மருமகப் பொண்ணு, "ஆர்டர் போட்டா பத்து நிமிஷத்துல வந்துரும் சின்னத்தை"ன்னு சிரிக்குது. அக்கா ஹால்ல காலை நீட்டி உக்காந்து டிவி பாக்குறாங்க. எனக்குத் தாங்கலை. வெள்ளம் வந்து ரோடெல்லாம் முங்கிப் போச்சுன்னா என்னக்கா பண்ணுவீங்கன்னு கேட்டேன்.

டிவியில இருந்து கண்ணை எடுக்காம சொன்னாங்க: "யாராவது குடுப்பாங்க ஜெயா."

அதைச் சொல்லும்போது அவங்க முகத்துல ஒரு சந்தேகம் இல்லைங்க...

ரயில் ஏறி ஊர் வர்ற வரைக்கும் அதே நினைப்பு. இத்தனை சேத்து வச்சும் அப்படி ஒரு வார்த்தை என் வாயில வராது. இத்தனை வருஷத்துல நான் யார் வீட்டுக்கும் ஒரு படி அரிசி அளந்துக்கிட்டுப் போனதில்லை.