நாற்காலியில் தேர்ந்தெடுக்கும் மவுத்பீஸ்

எங்கள் கோயில் பேண்டில், குழலில் செருகி வாய்வைத்து ஊதும் மவுத்பீஸை நாற்காலியில் உட்கார்ந்துதான் தேர்ந்தெடுப்பார்கள். வாசிப்பதென்னவோ ராயபுரத்துத் தெருக்களில், தேருக்கு முன்னால் நடந்துகொண்டு. இது அங்கே ஒருவருக்கும் உறைத்ததில்லை. தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்தில் டீ, நீளமாக ஒரு கீழ்ச்சுரம். சத்தம் பெரிதாக வந்தால் அதுதான் நல்ல மவுத்பீஸ்.

பிரசவத்துக்குப் பிறகு நான் யூஃபோனியம் என்கிற அந்தப் பெரிய பித்தளைக் குழலைத் தூக்கிய முதல் திருவிழா அது. பேண்டில் யூஃபோனியம் இரண்டு. ஒன்று எனக்கு, இன்னொன்று மூத்த அண்ணன் ஒருவருக்கு. பவனி முடியும்வரை தாக்குப்பிடிக்காவிட்டால் என்னுடையதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக பேண்ட் மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அண்ணனுடைய மவுத்பீஸின் வாய் ரசக் கிண்ணம் அளவு. காம்பு மெலிசு, குழாய்க்குள் ஆடும். அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், பிளம்பர்கள் தண்ணீர்க் குழாயில் சுற்றும் வெள்ளை டேப். அண்ணன் எனக்கும் அதேபோல் ஒன்றில் சுற்றிக் கொடுத்தார்.

அதை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்து பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் பல்லில் இடித்தது. பிறகு, வாய் சற்றுச் சிறியதாய், விளிம்பு உருண்டு தடித்ததாய், டேப் இல்லாமலே பொருந்துவதாய் ஒன்றை எடுத்தேன். குலுங்கினாலும் உதட்டைவிட்டு நகரவில்லை. அப்புறமும் நிம்மதியில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி உதட்டில் வைத்துப் பார்த்தேன். இத்தனை பேருமா தப்பாக இருப்பார்கள்?

"இன்னா தங்கச்சி, பால்புட்டி மூடி மாரி கீது?" என்றார் அண்ணன்.

"நடக்கும்போது இது ஆடலண்ணா."

"நடக்கறது காலு, ஊதறது வாயி. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

சுற்றியிருந்தவர்கள் இதற்குச் சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிக்க அதுவே போதும்.

பவனியன்று, மார்க்கெட் பக்கம் தோண்டிப் போட்டிருந்த சாலையில் அண்ணன் கால் இடறினார். மவுத்பீஸ் வெள்ளை வாலோடு கழன்று கூட்டத்துக்குள் உருண்டது. நின்று எடுத்துக் கொடுக்கலாமா என்று எனக்குப் பதறியது; நின்றால் என் கதையும் முடியும். அவரோ வெறும் குழாயில் வாயை வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டார். கோயில்வரை விரல்களை மட்டும் அழகாக அசைத்துக்கொண்டு வந்தார். பேஸ் என்கிற கீழ்ச்சுரம் முழுவதும் நான். உதடு மரத்துப்போனது, ஆனால் விளிம்பு நகரவில்லை.

கோயில் வாசலில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணன் பேஸு இன்னிக்கு தெருவே அதிர்ந்திச்சிபா!" அண்ணன் அடக்கமாகத் தலையசைத்தார்.

டிரம்பெட்டோடு முன்வரிசையில் போன மாஸ்டர் என்னிடம் வந்தார். "பரவால்லமா, கடைசிவரைக்கும் வந்துட்ட. யூஃபோனியம் உன்கிட்டயே இருக்கட்டும். அண்ணன் மாதிரி பெரிய மவுத்பீஸா ஒண்ணு வாங்கிக்கோ, உன் சத்தமே கேக்கல."

"சரிங்க மாஸ்டர்" என்றேன். வேறு யாரும் தொடுவதற்குள் யூஃபோனியத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.